நுண்குழாயின் முதல் 3 சென்டிமீட்டரில் நொதியை ஒட்டவைப்பது எப்படி?

அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை (நரம்புச் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினை உடைப்பது இதுதான்) தடுக்கும் சேர்மங்களைச் சோதிக்க, ஒவ்வொரு முறையும் நொதியைத் தனியாகக் கலக்க வேண்டியதில்லை. கேப்பிலரி எலக்ட்ரோஃபோரசிஸ் (மெல்லிய குழாயில் மின்புலத்தால் சேர்மங்களைப் பிரிக்கும் முறை) நுண்குழாயின் நுழைவாயில் பக்கம் நொதியை ஒட்டவைத்துவிட்டால் வினை அங்கேயே நடந்துவிடும், மீதிக் குழாய் பிரித்துக்கொடுக்கும். வேதிப்பிணைப்பு தேவையில்லை. சிலிக்கா சுவர் எதிர்மின்னேற்றம் கொண்டது, அதன்மேல் ஹெக்ஸாடிமெத்ரின் புரோமைடு என்ற நேர்மின்னேற்றப் பாலிமர் படியும், பி.எச் 8-ல் எதிர்மின்னேற்றத்தோடு இருக்கும் நொதி அந்தப் பாலிமரைப் பிடித்துக்கொள்ளும். டிரிப்சினுக்கு இந்த வழி ஆகாது. அதன் சமமின் புள்ளி (நிகர மின்னேற்றம் பூஜ்யமாகும் பி.எச்) 10-க்கு மேல் என்பதால் பி.எச் 8-ல் அதுவும் நேர்மின்னேற்றம்தான்.

50 மைக்ரோமீட்டர் உள்விட்டம், 50 செ.மீ. நீளமுள்ள சிலிக்கா குழாயை எடுங்கள். 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 10 நிமிடம், நீர் 5 நிமிடம், பி.எச்-ஐ மாறாமல் காக்கும் பஃபர் (20 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், பி.எச் 8.0) 5 நிமிடம் என 1 பார் அழுத்தத்தில் கழுவுங்கள். கரைசல்கள் எல்லாவற்றையும் 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்துக்கொள்வது நல்லது.

25 டிகிரியில், 50 மில்லிபார் அழுத்தத்தில், இந்தக் குழாயில் நீர்க்கரைசல் நொடிக்குச் சுமார் 0.9 மி.மீ. நகரும். 3 செ.மீ. நிரம்ப 34 நொடி. 75 மைக்ரோமீட்டர் குழாயென்றால் வேகம் விட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப உயர்ந்து 15 நொடியே போதும். பழைய நேரத்தை அப்படியே வைத்தால் பூச்சு 6 செ.மீ. தாண்டிவிடும்.

0.5 சதவீதப் பாலிமர் கரைசலை 34 நொடி செலுத்தி, 5 நிமிடம் நிறுத்துங்கள். பலர் தவறுவது அடுத்த படியில்தான்: மிச்சக் கரைசலை டிடெக்டர் பக்கம் தள்ளக் கூடாது. வெளிவாயிலில் பஃபர் குப்பியை வைத்து அங்கிருந்து அழுத்தம் கொடுத்து, 60 நொடியில் நுழைவாயில் வழியாகவே கழிவுக் குப்பிக்குத் திருப்பி வெளியேற்றுங்கள். முன்னே தள்ளினால் பாலிமர் குழாய் முழுக்கப் படிந்து எலக்ட்ரோ-ஆஸ்மாட்டிக் ஓட்டம் (மின்புலத்தில் குழாய்த் திரவம் முழுவதும் நகர்வது) தளரும், சில சமயம் திசையே மாறும்.

அடுத்து, மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் நொதிக் கரைசலை 28 நொடி செலுத்துங்கள் (பாலிமர் எல்லைக்குள் அடங்கட்டும்). 10 நிமிடம் விட்டு, முன்போலவே பின்னோக்கி வெளியேற்றுங்கள். கடைசியாக மீண்டும் பாலிமர் 28 நொடி, 1 நிமிட நிறுத்தம், பின்னோக்கிக் கழுவல். மேலே வரும் இந்த அடுக்கு நொதி உதிர்வதைக் குறைக்கும்.

சோதனைக்கு 2 மில்லிமோலார் அசிட்டைல்தயோகோலினை (நொதி உடைக்கும் அடிப்பொருள்) 5 நொடி செலுத்தி, 1 நிமிடம் நிறுத்தி, 15 கிலோவோல்ட் கொடுங்கள். செறிவை அதிகம் கூட்டாதீர்கள்; மிகையான அடிப்பொருள் இந்நொதியையே தடுக்கும். விளைபொருளான தயோகோலினை 230 நானோமீட்டரில் பாருங்கள். தடுப்பானைச் சோதிக்கும்போது அதை அடிப்பொருளோடு கலந்து செலுத்தி, டிடெக்டர் வரைபடத்தில் தயோகோலின் உச்சியின் பரப்பு எவ்வளவு குறைகிறது என்று அளந்தால் தடுப்புச் சதவீதம் கிடைக்கும்.

உச்சியே வரவில்லையா? முதலில் நொதிப் பொடியின் உப்பைச் சந்தேகியுங்கள். உப்பு மிகுந்தால் மின்னேற்றப் பிடிப்பு தளர்ந்துவிடும். டயாலிசிஸ் (சவ்வு வழியே உப்பை நீக்குதல்) செய்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். நொதி ஏற்றாத, பாலிமர் மட்டும் பூசிய குழாயிலும் உச்சி வந்தால், காரப் பஃபரில் அடிப்பொருள் தானாகவே உடைகிறது என்று பொருள்: அன்றன்று கரைத்து ஐஸில் வையுங்கள். இடப்பெயர்ச்சி நேரம் (சேர்மம் டிடெக்டரை அடையும் நேரம்) ஓட்டத்துக்கு ஓட்டம் நீண்டுகொண்டே போனால் பாலிமர் கசிந்து முன்னே படிகிறது. மின்னோட்டம் சட்டென்று பூஜ்யமானால் பெரும்பாலும் காற்றுக் குமிழிதான்.

இரவில் இரு முனைகளும் பஃபரில் மூழ்கியபடி 4 டிகிரியில் வையுங்கள். ஒருமுறை காய்ந்தாலும் நொதி போயிற்று. பரப்பு முதல் நாள் அளவில் பாதிக்கு இறங்கிவிட்டால், 2 மோலார் சோடியம் குளோரைடு, பிறகு 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு என்று கழுவி அடுக்குகளை அகற்றிவிட்டு அதே குழாயில் புதிதாக ஏற்றலாம்.