கார் இன்சூரன்ஸ்: பிரீமியத் தாளைப் படிப்பதும் க்ளெய்ம் போடத் தீர்மானிப்பதும்

பாலிசி முடியும் நாள் நெருங்கியதும் நான்கு நிறுவனங்கள் கேட்கும் தொகையை ஒப்பிட்டுப் பார்த்து, எது குறைவோ அதற்குப் பணம் கட்டிவிடுவதே பெரும்பாலான கார் உரிமையாளர்களின் வழக்கம். ஒரே காருக்கு ஒரு நிறுவனம் 11,000 ரூபாயும் இன்னொரு நிறுவனம் 8,500 ரூபாயும் கேட்டால், அந்த 2,500 ரூபாய் எந்த வரியில் குறைந்திருக்கிறது என்று பார்க்காத வரை இரண்டில் எது மலிவு என்று சொல்லவே முடியாது. பிரீமியத் தாள் என்பது ஒன்றிரண்டு பக்கம்தான். அதை வரிவரியாகப் படிக்கத் தெரிந்தால், எதற்குப் பணம் கட்டுகிறோம், எப்போது க்ளெய்ம் போடலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

ஒரு பாலிசிக்குள் இரண்டு ஒப்பந்தங்கள்

முதலாவது, தேர்ட் பார்ட்டி எனப்படும் மூன்றாம் நபர் காப்பீடு. உங்கள் கார் மோதி வேறொருவர் இறந்தாலோ, காயமடைந்தாலோ, அவருடைய சொத்து சேதமடைந்தாலோ நீங்கள் கொடுக்க வேண்டிய இழப்பீட்டை இது ஏற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவின்படி இது இல்லாமல் பொதுச் சாலையில் காரை ஓட்டக்கூடாது. மீறினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ அல்லது இரண்டுமோ விதிக்கப்படலாம். அடுத்த முறை அபராதம் 4,000 ரூபாய். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எவ்வளவு விதிக்கிறதோ அவ்வளவையும் நிறுவனம் கொடுக்கும். சொத்துச் சேதத்துக்கு மட்டும் தனியார் கார்களுக்கு 7.5 லட்சம் ரூபாய் என்ற உச்சவரம்பு உண்டு. இந்தப் பகுதிக்கான பிரீமியத்தை நிறுவனங்கள் தீர்மானிப்பதில்லை, அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிக்கையின்படி 1,000 சி.சி. வரையிலான காருக்கு 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். எந்த நிறுவனத்திடம் போனாலும் இந்த வரியில் மாற்றம் இருக்காது என்பதால், பேரம் பேச வேண்டிய இடம் இதுவல்ல.

இரண்டாவது, ஓன் டேமேஜ் எனப்படும் சொந்தச் சேதக் காப்பீடு. விபத்து, தீ, திருட்டு, வெள்ளம், புயல், கலவரம் ஆகியவற்றால் உங்கள் காருக்கு ஏற்படும் இழப்பை இது ஈடுகட்டுகிறது. நிறுவனங்கள் தரும் தள்ளுபடிகள் இந்தப் பகுதியில்தான் நடக்கின்றன. இரண்டும் சேர்ந்த பாலிசியைத்தான் காம்ப்ரிஹென்சிவ், அதாவது முழுக் காப்பீடு என்கிறோம்.

2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டு தேர்ட் பார்ட்டி காப்பீட்டைச் சேர்த்தே வாங்க வேண்டும். சொந்தச் சேதப் பகுதியோ பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் எடுக்கப்படுகிறது. இதனால் ஒரே தாளில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும். பெரிய எழுத்தில் தெரியும் தேதியைப் பார்த்துவிட்டு ‘இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே’ என்று நிம்மதியாக இருப்பவரின் காருக்கு இரண்டாம் ஆண்டில் சொந்தச் சேதக் காப்பீடே இருக்காது. புதிய கார் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கார் பழையதாகிவிட்டது, தேர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் காப்பீடு மட்டும் உள்ள தனியார் காரில், கட்டணமின்றி உடன் பயணம் செய்பவர்கள் மூன்றாம் நபர்களாகக் கருதப்படுவதில்லை. முழுக் காப்பீட்டில் அவர்களும் அடங்குவார்கள். குடும்பத்தோடு அடிக்கடி நெடுந்தூரம் போகிறவருக்கு, காரின் மதிப்பைவிட இதுவே முழுக் காப்பீட்டைத் தொடர வலுவான காரணம்.

இவற்றோடு ‘பி.ஏ. ஓனர் டிரைவர்’ என்று ஒரு வரி இருக்கும். காரை ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு அது. அதே அளவுக்கு வேறு விபத்துக் காப்பீடு உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் இந்த வரியை நீக்கச் சொல்லலாம். வீட்டில் இரண்டு கார்களும் ஒரு பைக்கும் இருந்து மூன்றுமே உங்கள் பெயரில் இருந்தால், மூன்று பாலிசியிலும் இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை.

ஐ.டி.வி.யைக் குறைத்துக் காட்டப்படும் மலிவு

ஐ.டி.வி. என்பது கார் முழுவதுமாகப் போய்விட்டால் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய தொகை. கார் தயாரிப்பு நிறுவனம் அறிவித்துள்ள விற்பனை விலையிலிருந்து வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்து இதைக் கணக்கிடுகிறார்கள். ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 சதவீதம் கழிக்கப்படும். அதற்கு மேல் இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் தொகை.

இணையத்தில் விலை ஒப்பிடும்போது பல சமயம் மிகக் குறைவான ஐ.டி.வி.யைத்தான் முதலில் காட்டுவார்கள். 6 லட்சமாக இருக்க வேண்டியதை 5 லட்சமாக்கினால் பிரீமியம் சற்றுக் குறையும். கார் திருடு போனால் ஒரு லட்சம் ரூபாய் நட்டம். இதில் இன்னொரு விளைவும் இருக்கிறது. பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காரை முழு இழப்பு என்று முடிவு செய்வார்கள். ஐ.டி.வி.யைத் தாழ்த்தினால் அந்த எல்லையும் தாழ்ந்துவிடுகிறது. சரிசெய்து ஓட்டியிருக்கக்கூடிய காரைக் குறைந்த தொகைக்கு விட்டுக்கொடுக்க நேரலாம். எனவே இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது ஐ.டி.வி.யையும் கூடுதல் காப்பீடுகளையும் ஒரே அளவில் வைத்த பிறகே விலையைப் பார்க்க வேண்டும்.

நியாயமான தள்ளுபடிகள்

எல்லாவற்றிலும் பெரியது நோ க்ளெய்ம் போனஸ். க்ளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45 என உயர்ந்து ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதத்தில் நிற்கும். இது சொந்தச் சேதப் பிரீமியத்தில் மட்டுமே கழிக்கப்படும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அத்தனை ஆண்டுச் சேமிப்பும் போய்விடும். இந்தச் சலுகை காருக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. பழைய காரை விற்கும்போது நிறுவனத்திடம் ஒரு சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டுகளுக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அதைப் பயன்படுத்தலாம். பலர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை. விற்பனையாளரும் தாமாகச் சொல்வதில்லை.

நிறுவனம் மாறும்போது, சென்ற ஆண்டு க்ளெய்ம் போட்டிருந்தும் ‘போடவில்லை’ என்று விண்ணப்பத்தில் குறித்து போனஸை வாங்கித் தருவதாக முகவர் சொன்னால் ஏற்க வேண்டாம். புதிய நிறுவனம் பழைய நிறுவனத்திடம் விசாரிக்கும். தவறு தெரிய வருவது பெரும்பாலும் நீங்கள் க்ளெய்ம் போடும் நேரத்தில்தான்.

இழப்பில் முதல் சில ஆயிரங்களை நானே ஏற்கிறேன் என்று ஒப்புக்கொண்டால் ஒரு தள்ளுபடி கிடைக்கும். கவனமாக ஓட்டி, சிறு கீறல்களுக்கு எப்படியும் க்ளெய்ம் போடாதவர்களுக்கு இது பொருந்தும். அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்கும், ஆட்டோமொபைல் சங்க உறுப்பினர்களுக்கும் சிறு தள்ளுபடிகள் உண்டு. அந்தத் தள்ளுபடிக்காகவே சங்கத்தில் சேர்வதில் பொருளில்லை.

க்ளெய்ம் போடலாமா: ஒரு கணக்கு

ஆறு ஆண்டு ஓடிய காரின் முன்பக்கம் இடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஷெட்டில் தந்த மதிப்பீடு: பம்பர் 9,000, மட்கார்டு தகடு 6,000, பெயிண்ட் 8,000, கூலி 3,000, ஆக 26,000 ரூபாய். ஜீரோ டெப் எனப்படும், தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி ஆகியவற்றுக்குப் பாதி விலைதான் கிடைக்கும் என்பதால் பம்பருக்கு 4,500. ஐந்து முதல் பத்து ஆண்டு வரையிலான காரின் உலோகப் பாகத்துக்கு 40 சதவீதம் கழிவு என்பதால் தகட்டுக்கு 3,600. பெயிண்ட் செலவில் கால் பங்கைப் பொருள் விலையாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள் என்பதால் 7,000. கூலி முழுவதும் கிடைக்கும். மொத்தம் 18,100. இதில் 1,500 சி.சி. வரையிலான கார்களுக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் போக, கைக்கு வருவது 17,100.

இனி இழப்பைப் பார்க்கலாம். போனஸ் கழிக்கும் முன் சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 ரூபாய், உங்கள் போனஸ் 50 சதவீதம் என்றால், ஒரு க்ளெய்மில் அது பூஜ்யமாகிவிடும். அடுத்த ஆண்டு 4,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள் என்பதோடு இந்த இழப்பு முடிவதில்லை. மீண்டும் 20, 25, 35, 45 என்று ஏறி வரும் ஆண்டுகளில் முறையே 2,400, 2,000, 1,200, 400 ரூபாய் அதிகமாகப் போகும். கூட்டினால் 10,000 ரூபாய். ஆகவே 17,100 ரூபாய்க்குக் க்ளெய்ம் போடுவது லாபம். பம்பர் மட்டும் உடைந்து, பெயிண்ட் 4,000, கூலி 1,000 என்று இருந்திருந்தால் கிடைப்பது 8,000 ரூபாய்தான். அதைக் கைக்காசில் சரிசெய்துகொள்வதே நல்லது. 50 சதவீத போனஸ் உள்ளவர் மனதில் வைக்க வேண்டிய எல்லை, போனஸ் கழிக்கும் முன்னுள்ள சொந்தச் சேதப் பிரீமியத்தின் ஒன்றேகால் மடங்கு. பிரீமியம் ஆண்டுதோறும் மாறுவதால் இது தோராயமானதே என்றாலும், ஷெட்காரர் ‘இன்சூரன்ஸில் போட்டுவிடலாம் சார்’ என்று சொல்லும் நேரத்தில் முடிவெடுக்க இது போதும்.

ஜீரோ டெப் இருந்தால் பாகங்களின் தேய்மானம் கழிக்கப்படாது. ஐந்து ஆண்டுக்குள் உள்ள காருக்கு அதை எடுப்பது பெரும்பாலும் பயன் தரும். போனஸ் மட்டும் அதிலும் போகும். அதைக் காக்கத் தனிக் காப்பீடு உண்டு.

வெள்ளமும் எஞ்சினும்

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்துக்கும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கும் பிறகு, வெள்ளத்தால் காருக்கு வரும் ஆபத்தை விளக்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றன. ஆனாலும் பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று இருக்கிறது. நின்ற காருக்குள் தண்ணீர் புகுந்து இருக்கையும் மின்சாதனங்களும் கெட்டால் முழுக் காப்பீடு ஏற்கும். தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருகி, உள்ளே போன நீரால் எஞ்சின் பூட்டிக்கொண்டால், அது உங்கள் செயலால் வந்த சேதம் என்று நிறுவனம் மறுக்கும். எஞ்சின் பாதுகாப்புக் காப்பீடு தாழ்வான பகுதியில் இருப்பவர்களுக்கு அவசியமாவது இதனால்தான். காரை ஸ்டார்ட் செய்யாமல், நீர்மட்டம் தெரியும்படி படம் எடுத்து, இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

விபத்து நடந்ததும்

யாருக்காவது காயம் என்றால் மருத்துவ உதவிதான் முதல் வேலை. 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பது சட்டக் கடமை. காயமடைந்தவரிடமோ எதிர் வாகனக்காரரிடமோ ‘தவறு என்னுடையதுதான், இவ்வளவு தருகிறேன்’ என்று எழுதிக் கொடுக்கக் கூடாது. நிறுவனத்தின் சம்மதமின்றிப் பொறுப்பை ஏற்பது பாலிசி நிபந்தனைக்கு விரோதம். பின்னர் தீர்ப்பாயத்திலிருந்து அறிவிப்பு வந்தால் அதை உடனே நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும்.

காருக்கு மட்டும் சேதம் என்றால், நகர்த்தும் முன் நான்கு பக்கமும் நம்பர் பிளேட் தெரியப் படமெடுத்து, அன்றே நிறுவனத்துக்குத் தெரிவித்து க்ளெய்ம் எண்ணைப் பெறுங்கள். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்க்கும் முன் எந்தப் பாகத்தையும் கழற்ற ஷெட்டை அனுமதிக்காதீர்கள். ஆர்.சி., ஓட்டியவரின் லைசென்ஸ், பாலிசி, க்ளெய்ம் படிவம், மதிப்பீடு ஆகியவை தேவைப்படும். நிறுவனத்தோடு ஒப்பந்தமுள்ள ஷெட் என்றால் உங்கள் பங்கை மட்டும் கட்டி காரை எடுக்கலாம். திருட்டு என்றால் எஃப்.ஐ.ஆர்., கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல்துறைச் சான்றிதழ், காரின் இரண்டு சாவிகள் ஆகியவற்றைக் கேட்பார்கள். மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்துக்கொள்வது நல்லது.

மறுப்புகளில் திரும்பத் திரும்ப வருபவை சில: லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியது, குடித்துவிட்டு ஓட்டியது, ஓன் போர்டு காரை வாடகைக்கு விட்டது, சி.என்.ஜி. கிட் பொருத்தியதைப் பாலிசியில் பதியாதது. ஓட்டியது ஒருவர், படிவத்தில் இருப்பது இன்னொருவர் பெயர் என்பது மோசடி. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள் 14 நாளுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்காவிட்டால், சொந்தச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காமல் போகலாம்.

மறுப்பு நியாயமில்லை என்று தோன்றினால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு முதலில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அவர் அளிக்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்; உங்களுக்கு அது திருப்தியளிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்தை நாடும் உரிமை அப்படியே இருக்கும்.