வீட்டிலிருந்து ஒரு பிள்ளை துறவறத்துக்குப் போகும்போது

நாங்கள் கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவள் நான், கல்யாணமாகி இதே புதுச்சேரி நெல்லித்தோப்பில் அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். அடுத்தவன் தம்பி, சாமியாராகப் படிக்கக் குருமடத்துக்குப் போய் மூன்றாம் வருஷம் திரும்பி வந்தவன். கடைசித் தங்கை கன்னியர் மடத்தில் இருக்கிறாள், துறவற வெள்ளிவிழாவும் முடிந்துவிட்டது. எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில், ஒரு பிள்ளை "நான் சிஸ்டரா போறேன்" என்று சொல்லிவிட்டால் அதன் அம்மா என்னைத் தேடி வருவாள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிள்ளை வாய்விட்டுச் சொன்ன அன்றைக்கு எதுவும் செய்யாதீர்கள். தெருவுக்கும் சொல்ல வேண்டாம், அழுது கதவைச் சாத்தவும் வேண்டாம். தங்கை சொன்னது இட்லிக்கு மாவு ஆட்டும்போது. கிரைண்டர் சத்தத்தில் அம்மாவுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு, கையில் மாவோடு நின்றபடி, "இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள். தங்கை சொன்னாள். "சரி, பங்குச்சாமிய பாத்து பேசலாம். இப்ப அந்த உப்ப எடு" என்றாள் அம்மா. அவ்வளவுதான். அன்று ராத்திரி அம்மா தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அம்மா அப்படி வாயைக் கட்டிக்கொண்டதற்குக் காரணம் தம்பி. அவன் குருமடம் போனபோது நாங்கள் தெரு முழுக்க பூந்தி கொடுத்தோம். அத்தை, பெரியப்பா, எல்லோருமே அவனை அன்றைக்கே "சாமி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று வருஷம் கழித்து ஒரு மழைநாளில் தகரப்பெட்டியோடு வாசலில் நின்றபோது அவனால் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலுக்கு வராமல், ஸ்டேஷன் பக்கம் இருதய ஆண்டவர் கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவான். நாங்கள் கொடுத்த பூந்திதான் அவனைத் துரத்தியது. இதை நான் இன்றும் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

திரும்பி வரும் பிள்ளையை எப்படி ஏற்றுக்கொள்வது என்று அப்பாவிடம்தான் கற்றுக்கொண்டேன். மார்க்கெட் பக்கம் அப்பாவுக்குத் தையல் கடை. தம்பி வந்த நாலாம் நாள் காலையில் "கடைக்கு வா" என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போனார். ஒரு சட்டையையும் ஊசியையும் அவன் மடியில் போட்டு, "காஜா எடு" என்றார், பட்டன் ஓட்டைக்குத் தையல் போடச் சொல்லி. ஏன் வந்தாய், என்ன நடந்தது என்று அப்பா கேட்கவே இல்லை. அவன் எடுத்த முதல் காஜா கோணலாக இருந்தது. அப்பா பிரித்துக் கொடுத்தார். மறுபடி எடுத்தான். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் கடையிலேயே அவனாகச் சொன்னானாம். என்ன சொன்னான் என்று அப்பா எங்களிடம் சொல்லவில்லை. இன்றைக்கு எங்கள் பங்கில் மறைக்கல்வி எடுப்பவன் அவன்தான்.

பிரான்ஸ் நாட்டுப் புனிதை குழந்தை இயேசுவின் தெரேசம்மாள் வீட்டுக் கதையை இந்த அம்மாக்களுக்கு நான் கட்டாயம் சொல்வேன். அவருடைய அப்பா லூயி மார்ட்டின் இளவயதில் மடத்தில் சேரப் போனார், லத்தீன் தெரியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா செலியையும் ஒரு மடத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் 1858-இல் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஒன்பது பிள்ளைகளில் பிழைத்த ஐந்து பெண்களும் கன்னியர் ஆனார்கள். அந்த ஐந்து பேரில் லியோனி மூன்று முறை மடத்துக்குப் போய்த் திரும்பி வந்தவர், நாலாவது முறை 1899-இல் போய்த்தான் நிலைத்தார். 2015-இல் திருச்சபை அந்த அப்பா அம்மா இருவரையும் சேர்த்தே புனிதராக்கியது. திரும்பி வந்த பிள்ளையைப் பார்த்து "கடவுள் கைவிட்டுட்டார்" என்று யாராவது சொன்னால் லியோனி பேரைச் சொல்லுங்கள்.

அவசரமும் வேண்டாம். திருச்சபைச் சட்டமே நிதானமாகத்தான் போகிறது. பதினேழு வயது முடியாமல் நவதுறவியாக, அதாவது மடத்தில் பயிற்சி பெறுபவராக, சேர்க்க முடியாது. நவதுறவு குறைந்தது பன்னிரண்டு மாதம். அதற்குப் பிறகு எடுக்கும் வார்த்தைப்பாடும், அதாவது துறவியாக வாழ்வேன் என்று கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கும், தற்காலிகம்தான். மூன்று வருஷத்துக்குக் குறையாமல் அதில் இருந்த பிறகே வாழ்நாள் முழுமைக்குமான நித்திய வார்த்தைப்பாடு. குருவானவர் ஆக இருபத்தைந்து வயது நிறைய வேண்டும். ஆகவே படிப்பை முடிக்க விடுங்கள். துறவற வாழ்க்கை பற்றிச் சொல்லித்தரும் அழைத்தல் முகாமுக்குக் கூடவே போங்கள். மடத்தின் சமையலறை, நோயாளி சிஸ்டர்கள் இருக்கும் அறை, எல்லாவற்றையும் பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் பாருங்கள். 1844-இல் இதே புதுச்சேரியில் துப்புயி சுவாமி, பெண்பிள்ளைகளின் படிப்புக்காக ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். அதற்குப் போன பெண்களையும் யாரோ ஒரு அம்மா வாசலில் நின்று வழியனுப்பியிருப்பாள். நமக்கு இருக்கும் பயம் அவளுக்கும் இருந்திருக்கும்.

குடும்ப செபம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்பா கடையடைத்து வந்து கைகால் கழுவியதும் செபமாலை. ஐம்பத்து மூன்று மணியும் முடியாத நாளில் ஒரு பத்து மணி. தொடங்குவது எப்போதும் கடைக்குட்டி. செபத்தைவிட முக்கியம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் செபம் முடிந்தவுடன் எழுந்து டிவி போடாமல் பாயிலேயே பத்து நிமிஷம் உட்காருங்கள். பிள்ளைகள் மனசில் இருப்பது வெளியே வருவது அந்த நேரத்தில்தான். இப்போது கைபேசிகளையும் எடுத்து அடுப்படி மேடையில் வைத்துவிட வேண்டும்.

பிள்ளை போன பிறகு செய்யும் தப்புகள்தான் அதிகம். முதலாவது, வீட்டுக் கஷ்டத்தை மறைப்பது. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, தங்கை மனசு கலங்குமே என்று நான்தான் சொல்லாமல் இருந்தேன். பன்னிரண்டு நாள் கழித்து வேறு யாரோ சொல்லி அவளுக்குத் தெரிந்தது. போனில் அவள் கத்தவில்லை. "அக்கா, நான் மடத்துக்குதான் வந்தேன். உங்கள வேணாம்னு வரல" என்றாள். அதற்குப் பிறகு நல்லது கெட்டது எதுவானாலும் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

பார்க்கப் போகும்போது அச்சு முறுக்கு கொண்டுபோனால் மடத்தில் இருக்கும் எல்லோருக்கும் போதுமான அளவு கொண்டுபோங்கள். பேர் சொல்லிக் கூப்பிடலாமா என்று அம்மா தவித்துப்போனாள். கடைசியில் தங்கையே தீர்த்துவைத்தாள்: நாலு பேர் முன்னால் சிஸ்டர், அம்மா மடியில் பாப்பா.

பணம் கேட்காதீர்கள். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவளிடம் தம்பி மகன் ஃபீஸுக்குக் கேட்டால் அவள் எங்கே போவாள்? நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் அவர்கள் உயில் எழுத வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. சொத்துப் பேச்சை அப்போதே வக்கீல் வைத்து ஒளிவுமறைவில்லாமல் முடித்துவிடுங்கள்.

வீட்டிலேயே தங்கிவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. மார்த்தா, மரியா, லாசர் என்று பெத்தானியாவில் ஒரே வீட்டில் மூன்று பேர், இயேசு மூவரிடமும் அன்பு வைத்திருந்தார் என்று யோவான் எழுதுகிறார். ஜூலை 29 முன்பு மார்த்தாவுக்கு மட்டும் திருநாளாக இருந்தது, 2021-இல் மூவருக்கும் சேர்த்து ஆக்கினார்கள். எங்களைப் போலவே இரண்டு பெண், ஒரு ஆண். அப்பாவுக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்த வருஷங்களில், எனக்கு வந்த அழைத்தல் இதுதான் என்று உணர்ந்திருக்கிறேன். அந்தத் தேதியில் தங்கை தவறாமல் கூப்பிடுவாள், தம்பியும் வந்துவிடுவான், போனை நடுவில் வைத்து மூன்று பேருமாகச் செபமாலையில் ஒரு பத்து மணி சொல்வோம்.

நித்திய வார்த்தைப்பாட்டுத் திருப்பலியில் காணிக்கைப் பவனிக்கு அம்மா அப்பாவோடு கூடப்பிறந்தவர்களையும் நிறுத்தச் சொல்லி மடத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தங்கைக்கு அம்மா அப்பம் கொண்டுபோனாள், அப்பா திராட்சை ரசம். நான் மெழுகுவர்த்தி. தம்பி பீடத்துணி கொண்டுபோனான். அப்பாவுடைய பழைய உஷா மெஷினில் மூன்று ராத்திரி உட்கார்ந்து அவனே ஓரம் அடித்தது.