மரச்சட்டத்தில் ரிபேட் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் கைக்கருவி பிடிப்பவர்கள் மரச்சட்டத்தில் ரிபேட் காடி (கண்ணாடியோ பலகையோ உட்கார, உள்விளிம்பின் பின்பக்கத்தில் வெட்டும் படி) எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம், ஆரம்பத்தில் என் கையும் இப்படித்தானே போனது என்று தோன்றும். மழுங்கிய உளி, கோணல் சட்டம் பற்றியெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொல்லாவிட்டால் தெரியாத சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

மூலையை யோசிக்காமல் காடியை ஓட்டுவது

மரத்தை வீணாக்கும் தவறு இதுதான். ஒரு கட்டையின் முனையில் எடுத்த நாக்கை இன்னொரு கட்டையின் துளையில் செருகிக் கோக்கிற சட்டத்தில், நாக்கின் இரண்டு பக்கத் தோளையும் (நாக்கு தொடங்கும் இடத்துப் படியையும்) ஒரே கோட்டில் அறுத்துவிடுகிறார்கள். பிறகு நான்கு கட்டையிலும் முனைக்கு முனை காடி. தனித்தனியாகப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கோத்துப் பார்க்கும்போது முன்பக்கம் இறுக்கமாகச் சேரும்; பின்பக்கம் ஒவ்வொரு மூலையிலும் காடியின் அகலத்துக்குச் சந்து விழும்.

ஒரு தம்பி நல்ல தேக்கில் ஜன்னல் கதவு ஒன்றை இப்படிச் செய்து கொண்டுவந்தார். காடியில் ஒரு சிராய் இல்லை, அவ்வளவு சுத்தமான கை. மூலைச் சந்தில் மட்டும் பசையும் மரத்தூளும் குழைத்து அப்பியிருந்தார். தண்ணீர் இறங்குவதும் அங்கேதான், நாக்கு உளுத்துப்போவதும் அங்கேதான். நாக்கு உள்ள குறுக்குச்சட்டம் இரண்டையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக அறுக்க வேண்டியதாயிற்று. எனக்கு எரிச்சல் அவர்மேல் இல்லை. துளை போடுவதைத் தனியாகவும் காடி எடுப்பதைத் தனியாகவும் கற்றுக்கொடுத்துவிட்டு, இரண்டும் சந்திக்கிற இடத்தைச் சொல்லாமல் விடுகிறார்களே என்றுதான்.

எதையும் அறுப்பதற்கு முன் காடியின் கோட்டைப் போடுங்கள். காடியின் அகலம் 6 மி.மீ. என்றால், குறுக்குச்சட்டத்தின் பின்தோள் முன்தோளைவிட 6 மி.மீ. முனைப்பக்கம் தள்ளி இருக்க வேண்டும். இரண்டு முனைக்கும் சேர்த்து, பின்பக்கத் தோள்களுக்கு இடையே 12 மி.மீ. கூடும். அந்த மரம்தான் துளை உள்ள நெட்டுச்சட்டத்தின் காடிக்குள் போய் உட்கார்ந்து சந்தை அடைக்கிறது. துளையின் பின்சுவரைக் காடியின் ஆழக் கோட்டிலேயே வையுங்கள். அப்போது காடி நாக்கைத் தின்னாது.

இது கடினமாகப் பட்டால், நெட்டுச்சட்டத்தில் காடியைத் துளைக்கு முன்பே நிறுத்தி, இழைப்புளி எட்டாத மிச்சத்தை உளியால் எடுக்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் மரம் தப்பும்.

தகடு உள்ளே பதுங்குவது

ரிபேட் இழைப்புளியின் தகடு, காடிச் சுவரை ஒட்டிய பக்கத்தில் உடலைவிட ஒரு மயிரிழை வெளியே நிற்க வேண்டும். உள்ளே இருந்தால் ஒவ்வொரு ஓட்டத்திலும் சுவரைவிட்டு விலகும். சுவர் படிப்படியாகச் சரியும். பாதி ஆழம் போன பிறகுதான் அது கண்ணில் படும். இழைப்புளியின் பக்கத்தில் ஒரு சிறு மரத்துண்டை வைத்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். அது தகட்டில் லேசாகத் தட்டுப்பட்டால் சரி.

முதல் ஓட்டத்தையே முழுநீளம் ஓட்டுவது

தூரத்து முனையில் குட்டை ஓட்டமாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு வாருங்கள். வெட்டிய தடமே அடுத்த ஓட்டத்தைப் பிடித்துக்கொள்ளும்.

குறுக்கு நாரில் கத்திக்கோடு இல்லாமல் இறங்குவது

பிய்யும். முதலில் கத்தியால் கீறுங்கள்.

கண்ணாடிக்கு மட்டும் ஆழம் கணக்கிடுவது

4 மி.மீ. கண்ணாடிக்கு 4 மி.மீ. காடி போதாது. கண்ணாடியைப் பிடிக்கப் பின்னால் அடிக்கிற பட்டிக்கும் இடம் வேண்டும்.

45 டிகிரி மூலை

கட்டை முனைகளைச் சாய்வாக அறுத்துச் சேர்ப்பதானால், முதலில் காடி, பிறகு அறுப்பு.