மலைப்பாதைப் பயணத்துக்கு முன் காரின் சஸ்பென்ஷன்: எதை மாற்றுவது, எதை விடுவது?

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு சிறிய காரில் அந்தப் பாதையில் இறங்கியவர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவாக இருக்கும். திருப்பத்தில் வண்டி சாய்கிறது. திருப்பம் முடிந்த பிறகும் பின்பக்கம் ஒருமுறை ஆடிவிட்டுத்தான் அடங்குகிறது. வண்டி நம் பேச்சைக் கேட்கவில்லை என்ற எண்ணம் அங்கேதான் தோன்றும். சஸ்பென்ஷனை, அதாவது சக்கரங்களை வண்டியோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் அமைப்பை, மேம்படுத்தினால் இது குறையும். ஆனால் எதை முதலில் தொடுவது என்ற வரிசை முக்கியம்.

முதல் படி: டயர்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்சட்டத்தில் காற்றழுத்த அட்டவணை ஒட்டியிருக்கும். பல கார்களில் முழுச் சுமைக்குத் தனி அளவு தரப்பட்டிருக்கும்; பின் டயர்களுக்கு அது கூடுதலாக இருக்கும். புறப்படும் முன், டயர் சூடாகாதபோது அந்த அளவுக்கு நிரப்புங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். இறுகிப்போன பழைய டயரை வைத்துக்கொண்டு விலையுயர்ந்த ஷாக் அப்சார்பர் (வண்டியின் ஆட்டத்தை அடக்கும் பாகம்) வாங்குவது வீண்.

இரண்டாம் படி: தேய்ந்ததைக் கண்டுபிடியுங்கள்

காரின் ஒரு மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒருமுறை எழுந்து நின்றுவிட்டால் நல்லது. மீண்டும் மீண்டும் ஆடினால் ஷாக் அப்சார்பர் தீர்ந்துவிட்டது. பாதி தேய்ந்தது இந்தச் சோதனையில் சிக்காது என்பதால், அதன் உடலில் எண்ணெய்க் கசிவு உண்டா, டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சிறு பள்ளங்களில் மெதுவாகப் போகும்போது 'கடகட' என்ற ஒலி வந்தால், லிங்க் ராடையும் (சாய்வைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் சிறு கம்பி) லோயர் ஆர்ம் புஷ்ஷையும் (சக்கரத்தைக் கீழிருந்து வண்டியோடு இணைக்கும் கையிலுள்ள ரப்பர்) முதலில் சந்தேகியுங்கள். என் காரில் ஒரு பட்டறை முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றிய பிறகும் ஒலி நிற்கவில்லை. கடைசியில் தேய்ந்திருந்தது லிங்க் ராடுதான். அன்று வீணான பணத்தை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

மூன்றாம் படி: ஷாக் அப்சார்பர்

ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குகிறது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். நெடும்பயணக் காருக்குச் செலவிட வேண்டிய இடம் இதுதான். பழைய காரில் கம்பெனி தரும் அதே வகையைப் புதிதாகப் போட்டாலே வண்டி மாறிவிட்டதாகத் தோன்றும். அதற்கு மேல் வேண்டுமானால், உங்கள் மாடலுக்கென்றே உள்ள பாக எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உதாரணமாக, பில்ஸ்டீன் நிறுவனத்தின் பி4 அசல் பாகத்துக்கு மாற்று. பி6 அதே உயரத்துக்கு உறுதியானது. பி8 தாழ்த்திய ஸ்பிரிங்குக்கானது. உயரத்தை மாற்றாதவர்களுக்கு பி8 தேவையில்லை.

ஸ்பிரிங்கும் ஆன்டி ரோல் பாரும்

தாழ்த்தும் ஸ்பிரிங் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. முழுச் சுமையில் நம் ஊர் வேகத்தடைகள் வண்டியின் அடிவயிற்றை உரசிவிடும். சுருள்களுக்கு நடுவே ரப்பர் துண்டைச் செருகுவதும் நல்ல வழி அல்ல. அந்தச் சுருள்கள் அசைய முடியாமல் போவதால் ஸ்பிரிங் இறுகி, குலுக்கல்தான் கூடும். சுமையில் பின்பக்கம் அதிகமாகத் தாழ்கிறதென்றால், சக்கர மையத்திலிருந்து அதற்கு மேலே உள்ள வண்டி உடலின் வளைவு விளிம்பு வரையிலான உயரத்தைச் சுமையின்றியும் சுமையோடும் அளந்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இடது, வலது சக்கரப் பகுதிகளை இணைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பார் சாய்வைக் குறைக்கும். அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு (விட்டம் × விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்ப உயர்கிறது. அதனால் 20 மில்லிமீட்டர் திண்கம்பியை 22 ஆக்கினாலே விறைப்பு ஏறக்குறைய 46 சதவீதம் கூடிவிடும். முன்சக்கர இழுவைக் காரில் பின்பக்கத்தை மட்டும் மிகையாக விறைப்பாக்கினால், மழைநாளில் வளைவில் வால் வழுக்கும். தொடக்கத்தில் இதைத் தொடாதீர்கள்.

பொருத்தும்போது

ஒரே அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். அழுத்தப்பட்ட ஸ்பிரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து என்பதால், அதை வீட்டில் கழற்ற வேண்டாம். பட்டறையில் ஒன்றை வற்புறுத்திக் கேளுங்கள்: லோயர் ஆர்ம் போல்ட்டுகளின் இறுதி முறுக்கு, வண்டியின் எடை சக்கரங்களில் இருக்கும்போதுதான் கொடுக்கப்பட வேண்டும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், ரப்பர் புஷ் முறுகிய நிலையிலேயே நின்று விரைவில் கிழியும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) கட்டாயம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களை மீறும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. அதே அளவுள்ள பாகத்தைத் தாண்டி எதைச் செய்வதானாலும், காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பிறகு பெட்டிகளையும் ஆட்களையும் ஏற்றி, நன்கு பழகிய சாலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வால்பாறையை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.