‘சிலோன்காரன்’ என்ற சொல் வீட்டுக்குள் வரும்போது

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி நீலகிரியில் குடியேறிய தமிழர் வீடுகளில், கோத்தகிரியிலோ கூடலூரிலோ கடைவீதியில் யாரோ ‘சிலோன்காரன்’ என்று ஏளனம் செய்ததைக் கேட்டு மகன் கொதித்து வந்து நிற்கையில், “பேசாமல் இரு, நமக்கு எதற்கு வம்பு” என்று அம்மா அடக்குவதுண்டு. அதற்கு முன்பாக, யார், எங்கே, எப்படிச் சொன்னார்கள் என்று அவர் முழுவதும் கேட்க வேண்டும்.

மகனும் அம்மாவின் அச்சத்தைக் கோழைத்தனம் என்று எண்ணிவிடக் கூடாது; இலங்கையின் 1977, 1983 கலவரங்களை அறிந்த தலைமுறை அது. தேயிலைக் கறை படிந்த விரல்களோடு அவர் அடுப்படியில் அமரும் நேரமே பேச்சுக்கு ஏற்றது. தகரப்பெட்டியில் பழைய கடவுச்சீட்டு இருந்தால் அதை எடுத்து வைத்து, தலைமன்னாரில் கப்பலேறிய கதையைக் கேளுங்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்ததும், 1964ஆம் ஆண்டில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டதும் அப்போது வீட்டுக்கதையாகவே விளங்கும்.

“அந்த ஆட்களே அப்படித்தான்” என்று அம்மா ஓர் இனத்தையே சேர்த்து ஏசினால், மகன் மறுக்கலாம். என்னைக் கேட்டால், மறுக்கத்தான் வேண்டும். கைகலப்பு கூடாது என்பதை மட்டும் இருவரும் முன்கூட்டியே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.