லீப் ஆண்டுக் கணக்கு: இஃப், எலிஃப், எல்ஸ் எழுதிப் பழக ஒரு பயிற்சி

நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்கு இஃப் (if, 'இப்படியானால்'), எலிஃப் (elif, 'அப்படி இல்லாமல் இப்படியானால்'), எல்ஸ் (else, 'எதுவும் இல்லையென்றால்') என்றால் என்னவென்று சீக்கிரமே புரிந்துவிடும். பயிற்சிக் கணக்கு கைக்கு வந்ததும்தான் எந்த நிபந்தனையை முதலில் எழுதுவது என்று தடுமாறுவார்கள். அந்த வரிசையைக் கற்றுக்கொள்ள எனக்குப் பிடித்த பயிற்சி இதுதான்: ஓர் ஆண்டைக் கொடுத்தால் அது லீப் ஆண்டா இல்லையா என்று நிரல் சொல்ல வேண்டும்.

படி 1: விடைகளை முதலில் தாளில் எழுதுங்கள்

2023 – இல்லை
2024 – ஆம்
1900 – இல்லை
2000 – ஆம்

1900 நான்கால் வகுபடுகிறதே, ஏன் இல்லை? பருவங்கள் ஒரு சுற்று வர ஏறத்தாழ 365.2422 நாட்கள் ஆகின்றன. நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் சேர்த்தால் சராசரி 365.25 ஆகிவிடும், ஆண்டுக்குச் சுமார் 11 நிமிடம் கூடுதல். அது நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்துகொண்டே போனதால், 1582-ல் அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 என்று வைத்துச் சரிசெய்தார்கள். அப்போது வந்த கிரெகோரியன் நாட்காட்டியின் விதி: 100-ஆல் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு இல்லை, ஆனால் 400-ஆலும் வகுபட்டால் லீப் ஆண்டுதான்.

படி 2: விதியை மீதியாக மாற்றுங்கள்

'வகுபடுகிறது' என்றால் மீதி 0. பைத்தான் என்னும் நிரல்மொழியில் மீதியைத் தருவது % குறி. 2024 % 4 என்றால் 0, 2023 % 4 என்றால் 3. ஒப்பிடுவதற்கு == என இரண்டு சமக்குறி வேண்டும்; ஒற்றைச் சமக்குறி மாறிக்கு மதிப்பைக் கொடுப்பதற்கு.

படி 3: வரிசை

பலரும் முதலில் எழுதுவது இப்படித்தான் இருக்கும் (கட்டமைப்பு புரிவதற்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன்):

இஃப் ஆண்டு % 4 == 0: "லீப்"
எலிஃப் ஆண்டு % 100 == 0: "இல்லை"
எலிஃப் ஆண்டு % 400 == 0: "லீப்"
எல்ஸ்: "இல்லை"

இதில் 1900-ஐப் போட்டுப் பாருங்கள். முதல் வரியிலேயே மீதி 0. "லீப்" என்று சொல்லிவிட்டு நிரல் வெளியே வந்துவிடும். ஒரு நிபந்தனை உண்மையானால், அதற்குக் கீழே உள்ள எலிஃப் எதையும் அது எட்டிக்கூடப் பார்க்காது. 100-ஆல் வகுபடும் எல்லா ஆண்டும் 4-ஆலும் வகுபடும் என்பதால், இரண்டாம், மூன்றாம் வரிகளுக்கு வேலையே வராது.

அப்படியானால் மிகச் சில ஆண்டுகளுக்கு மட்டும் பொருந்தும் நிபந்தனைதான் மேலே வர வேண்டும்:

இஃப் ஆண்டு % 400 == 0: "லீப்"
எலிஃப் ஆண்டு % 100 == 0: "இல்லை"
எலிஃப் ஆண்டு % 4 == 0: "லீப்"
எல்ஸ்: "இல்லை"

1900 பிசகு தொடக்கநிலையாளர்களுக்கு மட்டும் உரியதல்ல. லோட்டஸ் 1-2-3 விரிதாள் 1900-ஐ லீப் ஆண்டாகவே எடுத்துக்கொண்டது. அதோடு ஒத்துப்போவதற்காக எக்செலும் அப்படியே வைத்துக்கொண்டது. இல்லாத அந்த 1900 பிப்ரவரி 29 எக்செலில் இன்றும் இருக்கிறது.

படி 4: தாளில் உள்ள நான்கு ஆண்டுகளையும் ஓட்டுங்கள்

நான்கும் சரியாக வரும்வரை நிரல் முடிந்ததாக நினைக்காதீர்கள். 2024 மட்டும் போட்டுப் பார்த்திருந்தால், தப்பான முதல் நிரலும் சரி என்றுதான் தோன்றியிருக்கும்!

அப்புறம், எலிஃப் எல்லாவற்றையும் வெறும் இஃப் என்று மாற்றி 2000-ஐக் கொடுத்துப் பாருங்கள். "லீப்", "இல்லை", "லீப்" என்று மூன்று விடை வரும். ஒவ்வொரு இஃபும் தனித்தனிக் கேள்வி. எலிஃப் முந்தைய கேள்வியின் தொடர்ச்சி. எவ்வளவு விளக்கினாலும் மனத்தில் நிற்காத இந்த வித்தியாசம், ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் மறக்காது.

ஆண்ட் (and), ஆர் (or) சேர்த்து இதை ஒரே வரியிலும் எழுதலாம். ஆனால் மேலே உள்ள நான்கு வரிகள் பழகிய பிறகு அதற்குப் போவதே நல்லது.

அடுத்து நீங்களே

மூன்று பக்க நீளங்களைக் கொடுத்தால் அது சமபக்க முக்கோணமா, இருசமபக்க முக்கோணமா, அசமபக்க முக்கோணமா என்று சொல்லும் நிரலை எழுதுங்கள். சோதிக்க: (5, 5, 5), (5, 5, 8), (3, 4, 5). கூடவே 1, 2, 3-ஐயும் கொடுங்கள். ஒன்றும் இரண்டும் கூடினால் மூன்றுதான். அதனால் முக்கோணமே அமையாது. அந்தச் சோதனை எந்த வரியில் வர வேண்டும் என்பதை முதலில் தாளில் எழுதிவிட்டு, பிறகு தட்டச்சு செய்யுங்கள்.