கழித்துப் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு கேமரா வாங்குங்கள்

கல்யாணப் படம் எடுக்கிறவர்களுக்குப் புது கேமரா ஆசை வருவது பெரும்பாலும் சொதப்பிய வேலையை கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கும் ராத்திரியில்தான். எனக்கும் அப்படித்தான். வரவேற்பில் எடுத்ததில் பாதி ஷேக், அதாவது அசைவில் மங்கியவை. பழைய கிராப் சென்சார் (சின்ன சென்சார்) பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவைத் திட்டிவிட்டு, ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) வாங்குவதென்று முடிவே கட்டிவிட்டேன். வாங்குமுன் ஒரு காரியம் செய்தேன். நீங்களும் அதையே செய்யுங்கள்.

கடைசி மூன்று கல்யாணங்களில் கழித்த படங்களை ஒரே ஃபோல்டரில் போடுங்கள். (அழித்துவிட்டீர்களா? சரி, அடுத்த மூன்றில் சேர்த்து வையுங்கள்.) ஒவ்வொன்றின் ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன் எண்), லென்ஸ் விவரத்தையும் பார்த்து, ஏன் கழித்தீர்கள் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்: ஷேக், ஃபோகஸ், நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிகள்), கலர். பிறகு எண்ணுங்கள்.

என் ஃபோல்டரில் ஷேக் ஆனவை முக்கால்வாசி 1/60 நொடியில் எடுத்தவை. நடந்து வருகிற ஆளை அந்த வேகத்தில் எடுத்தால் எந்த கேமராவும் காப்பாற்றாது. நாய்ஸுக்குப் பயந்து ஐஎஸ்ஓவை 1600-ஐத் தாண்ட விடாமல் வைத்திருந்தேன். 6400-க்குப் போயிருந்தால் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கிடைத்து, ஷட்டர் 1/250-க்கு வந்திருக்கும். கொஞ்சம் நாய்ஸ் இருக்கிற படம் ஆல்பத்தில் ஏறும், ஷேக் ஆனது ஏறாது.

வெளிச்சம்தான் குறை என்று தெரிந்தால் கணக்குப் போடுங்கள். கிராப்பிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்குப் போனால் நாய்ஸில் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் லாபம். எஃப் 2.8 ஜூமைக் கழற்றிவிட்டு எஃப் 1.4 பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) போட்டால் இரண்டு ஸ்டாப்; எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். ஆனால் குரூப் போட்டோவை 1.4-இல் எடுத்தால் பின்வரிசை மங்கிவிடும். அங்கே ஃபிளாஷை வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும்படி பவுன்ஸ் செய்வதே மேல்.

படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் எல்இடி விளக்கின் வேலையாக இருக்கலாம். எலெக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிகலுக்கு மாறி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் 1/100 வைத்துப் பாருங்கள். இதற்கெல்லாம் புது கேமரா வேண்டாம்.

ஷட்டர் சரியாக இருந்தும், எதிரே நடந்து வருகிறவர்களின் முகத்தில் ஃபோகஸ் திரும்பத் திரும்பத் தப்பினால், அப்போது பாடியை மாற்றுவதில் அர்த்தம் உண்டு. கண்ணைக் கண்டுபிடித்து விடாமல் தொடரும் ஃபோகஸ் நிஜமாகவே வேலையை மாற்றிவிடுகிறது.

கடைசியில் நான் பாடியை மாற்றியது சென்சாருக்காக இல்லை. ஒரு கல்யாணத்தின் நடுவே மெமரி கார்டு செத்துப்போனது. ரெக்கவரி மென்பொருளில் பாதிதான் மீண்டது. மணமகளின் அப்பாவிடம் அதைச் சொல்லப் போன அந்த ஐந்து நிமிடம் இன்னும் மறக்கவில்லை. ஒரே கார்டு ஸ்லாட் உள்ள பாடியில் காசுக்குக் கல்யாணம் எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகிற பாடியாகப் பாருங்கள்.

24 மெகாபிக்சலிலிருந்து 45-க்குத் தாவினால் ரா ஃபைலும் (சென்சார் பதிந்ததைச் சுருக்கி மாற்றாமல் வைக்கும் ஃபைல்) கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். ஹார்ட் டிஸ்க்கையும் பேக்கப்பையும் கணக்கில் சேருங்கள். வாங்குமுன் ஒரு கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், பழைய பாடியும் தோளில் இருக்கட்டும். என்னுடையது இன்னும் இடது தோளில்தான் தொங்குகிறது, 35 எம்எம் லென்ஸோடு.